கடல் வலையா? கணினி வலையா?

வணக்கத்திற்குரிய நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! டி.வி. முன்னால் தட்டோடு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! எல்லாருக்கும் பழவேற்காட்டு உப்புக்காற்று கலந்த வணக்கம். (கைதட்டல்)

"மீனவர் வீட்டுப் பிள்ளைக்குக் கைகொடுப்பது கடல் வலையா, கணினி வலையா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் கடலைப் பற்றிப் பேசினார் பாருங்க, என்ன ஒரு பேச்சு! அலை தாலாட்டு பாடுதாம், கடல் தாய் மடியில் தூங்கலாமாம். எனக்கே கண் கலங்கிடுச்சு. இறங்கி வந்ததும் மெதுவாகக் கேட்டேன், "சார், உங்களுக்கு எந்த ஊர்?" "ஈரோடு"ன்னார். (பலத்த சிரிப்பு)

நான் ஈரோடு இல்லீங்க. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவள். எங்க அப்பா ஏரியில் வலை போட்டவர். சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உப்புநீர் ஏரி எங்க ஏரிதான். பாதிக்கு மேலே ஆந்திராவில் கிடக்கு, தெற்கு ஓரம் நம்மகிட்ட இருக்கு. அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் விட்டால் எங்க வீட்டு சன்னல் அதிரும். விஞ்ஞானம் எங்களுக்கு அவ்வளவு பக்கம்! ஆனா பாருங்க, அந்த ராக்கெட் சந்திரனுக்குப் போய்ச் சேர்ந்துடுது, பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஏரியைப் பற்றி ஒரு புத்தகம் வந்து சேரலை. (கைதட்டல்)

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நான் விலங்கியல் டீச்சர். பாடப் புத்தகத்தில் நண்டு பற்றி ஒரு பாடம். படிக்கிற பிள்ளைங்க பாதிப்பேர் நண்டு பிடிக்கிற வீட்டுப் பிள்ளைங்க. நான் படம் போட்டு, "இது ஓடு, இது கொடுக்கு"ன்னு சொன்னா, கடைசி பெஞ்சு பையன் எழுந்திருச்சு, "டீச்சர், இது ஆணா பொண்ணா? வயித்தைக் காட்டலையே!"ங்கிறான். அவனுக்கு நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது? (சிரிப்பு) அதனாலதான் கணினியில் தேட ஆரம்பிச்சேன்.

முதல் நாள் "கிராப்"னு தட்டினேன். நண்டு மசாலா செய்முறை நாற்பது வந்தது. சரி, ஊர் பெயரைப் போடுவோம்னு ஆங்கிலத்தில் பழவேற்காடுன்னு போட்டேன். வெள்ளைக்காரன் கெடுத்து வைத்த "புலிகாட்" ஒண்ணு, நம்ம ஆட்கள் எழுதுகிற எழுத்து நாலு விதம். ஒரு எழுத்துக்குப் படகுச் சவாரி வருது, இன்னொரு எழுத்துக்குக் கைலி வருது. அந்தக் காலத்தில் பழவேற்காட்டுக் கைலி கப்பல் ஏறிப் போச்சு இல்லையா, அது இன்னும் கணினிக்குள்ளே காயப்போட்டிருக்கு! (சிரிப்பு) நண்டைத்தான் காணோம்.

இதைச் சொன்னால் எதிரணி சிரிக்கும்னு தெரியும். சிரிங்க. வலை போடத் தெரியாதவன் ஏரியில் மீனே இல்லைன்னு சொன்ன கதைதான் அது. எந்தக் கண்ணி வலையை எங்கே போடணும்னு தெரியணும் இல்லையா? நான் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் கத்துக்கிட்டேன். ஊர் பெயரை விடு, சமையல் பெயரை விடு, அந்த உயிருக்கு விஞ்ஞானிகள் வைத்த லத்தீன் பெயரைப் பிடி. அதைப் பிடிச்சால் உலகமே திறக்குது. ஃபிஷ்பேஸ்னு ஒண்ணு இருக்குங்க. 35,000 வகை மீனுக்கு மேலே அதில் இருக்கு, காசு கிடையாது. கொடுவாயைத் தேடினால், "கொடுவா"ன்னு நம்ம தமிழ்ப் பேரே ஆங்கில எழுத்தில் உட்கார்ந்திருக்கு. அன்றைக்கு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நம்ம பேரு அமெரிக்கா வரைக்கும் போயிருக்கா?"ன்னு ரொம்ப நேரம் அந்தத் திரையைப் பார்த்தார்.

கொச்சியில் இருக்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், அது 1947-ல் பிறந்தது. அது ஒரு மின் களஞ்சியம் வைத்திருக்கிறது. பழைய கட்டுரைகள், அறிக்கைகள் எல்லாம் சும்மா எடுத்துக்கொள்ளலாம். எங்க ஏரியிலேயே ஆயுசைக் கழித்தவர் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் சஞ்சீவராஜ். ஏரியில் என்னென்ன உயிர் இருக்குன்னு அவர் எழுதியதை 2006-ல் தேசிய பல்லுயிர் ஆணையம் வெளியிட்டது. அதைக் கணினியில் பார்த்த அன்றைக்கு நான் எங்க குப்பத்துக்காரர் ஒருத்தர் ஊர் திரும்பின மாதிரி சந்தோஷப்பட்டேன்.

இப்போ வீட்டு விஷயத்துக்கு வர்றேன். இது சிரிப்பு இல்லீங்க.

என் தம்பி நண்டு வளர்க்கிறேன்னு இறங்கினான். பச்சை நண்டு. சிங்கப்பூருக்கு உயிரோட போகுதே, அந்த நண்டு. அவன் கையில் ஒரு துண்டுப் பிரசுரம். "சில்லா செர்ராட்டா என்ற வகை நன்றாகப் பெருக்கும், ஒரு கிலோவுக்கு மேல் எடை வரும்" என்று அதில் போட்டிருந்தது. குஞ்சு கொண்டுவந்த தரகரிடம் கேட்டான், "இது செர்ராட்டாதானே?" "செர்ராட்டாவேதான், புஸ்தகத்தைப் பாரு!" என்றார் அவர். பழைய புத்தகம் ஒன்றைக் காட்டவும் காட்டினார். அப்பா ஒரு குஞ்சைத் தூக்கி, காலைத் திருப்பிப் பார்த்து, "டேய், இது சிறுசு ஜாதிடா. பெருசு ஜாதிக்குக் கால் பூரா வலைப் பின்னல் மாதிரி கோடு இருக்கும். இதுக்கு இல்லே. இது எவ்வளவு தின்னாலும் நீ நினைக்கிற எடைக்கு வராது"ன்னார். தம்பி, "உனக்கென்னப்பா தெரியும், எழுத்துல இருக்கு"ன்னான். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. எட்டு மாசம் தீனி போட்டான். நண்டு வளரலை. வட்டிதான் வளர்ந்தது.

(எதிரணியில் கைதட்டல்)

கைதட்டுறாங்க பாருங்க! "கடல்தான் ஜெயிச்சது, கணினி தோத்தது"ன்னு. இருங்க, இருங்க. அவசரப்பட்டுக் கையைத் தட்டி வலிக்க வைச்சுக்காதீங்க. (சிரிப்பு)

தரகரும் பொய் சொல்லலை, பிரசுரமும் பொய் சொல்லலை. பின்னே எப்படிப் பணம் போச்சு? அதை எந்தக் கடலும் எனக்குச் சொல்லலை. கணினி சொன்னது. கடல்வாழ் உயிர்களின் பெயர்களுக்கென்றே ஒரு உலகப் பதிவேடு இருக்கு. எந்த உயிருக்கு முன்னே என்ன பேர், இப்போ என்ன பேர்னு அதில் பார்க்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு போனேன். 1998-ல் ஆஸ்திரேலியாவில் இந்தப் பச்சை நண்டை நாலு வகையாகப் பிரித்து, பேரைத் திருத்தி எழுதினார்கள். நம்ம நாட்டுப் பழைய புத்தகங்களில் பெருசுக்கு "ட்ராங்குபாரிகா"ன்னு பேர், அது நம்ம தரங்கம்பாடி பேர்தான். சிறுசுக்கு "செர்ராட்டா"ன்னு பேர். அப்புறம் நம்ம ஆய்வாளர்கள் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். கடையில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கோடு கோடாகப் பட்டை இருக்கே, அதே மாதிரி ஒவ்வொரு உயிருக்கும் மரபணுவில் ஒரு பட்டை. பார்த்தால், நாம பெருசுன்னு சொன்னதுதான் உண்மையான செர்ராட்டா! சிறுசு "ஒலிவேசியா".

புரியுதுங்களா? பழைய தாளில் செர்ராட்டான்னா சிறுசு. புதுத் தாளில் செர்ராட்டான்னா பெருசு. தரகர் பழைய தாள், தம்பி புதுத் தாள். ரெண்டு தாளுக்கும் நடுவிலே எங்க அம்மா வளையல். (நீண்ட கைதட்டல்)

அந்த மரபணு விவரம் ரகசியம் இல்லீங்க. ஜென்பேங்க் என்கிற களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனா ஆங்கிலத்தில் இருக்கு, எங்கே தேடுறதுன்னு தெரியலை. சீர்காழி பக்கம் அரசு நண்டுக் குஞ்சுப் பொரிப்பகம் இருப்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் இப்போ ஒரு பக்கத் தாள் தமிழில் எழுதி, ரெண்டு நண்டுக் காலையும் படம் போட்டு, ஏலக்கூடத்தில் ஒட்டியிருக்கேன். படத்தில் இருக்கிற கோடு அப்பா சொன்ன கோடு. பக்கத்தில் இருக்கிற பேர் கணினி சொன்ன பேர்.

"கடல் உயிரைக் காப்பாத்தும், கணினி காப்பாத்துமா?"ன்னு கேட்டார் எதிரணித் தலைவர். பாண்டிச்சேரி வீராம்பட்டினத்துக்குப் போய்க் கேளுங்க. 1998-ல் டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பக்கக் கிராமங்களில் தகவல் மையம் ஆரம்பித்தது. அமெரிக்கக் கடற்படை வெளியிடுகிற அலை உயரக் கணக்கைக் கணினியில் எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எவனோ எதுக்கோ போர்க்கப்பலுக்குப் போட்ட கணக்கு, கட்டுமரக்காரருக்குப் பயன்பட்டது! இப்போ அந்த வேலையை ஐதராபாத்தில் 1999-ல் ஆரம்பித்த நம்ம கடல் தகவல் மையமே செய்யுது. 2004 டிசம்பர் 26 அன்றைக்கு நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்ப் பிள்ளை போன் போட்டான். மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் கத்தினார்கள். 3,000 பேருக்கு மேலே மேடேறினார்கள். அன்றைக்குக் கடல் தாலாட்டலைங்க, ஈரோட்டு அண்ணே.

(நடுவர் மணி அடிக்கிறார்)

ஒரே ஒரு நிமிஷம் ஐயா. கணினி வலையில் ஓட்டையே இல்லைன்னு நான் சொல்ல வரலை. எங்க ஏரியில் "பாடு"ன்னு ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம்னு சில ஊர்களுக்குள், எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுறதுன்னு சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது. போலீஸ் இல்லாமல், கோர்ட்டு இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்த விஷயம். அதைப் பற்றிக் கேட்க ரெண்டு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். அப்பா ரெண்டு நாள் உட்கார்ந்து சொன்னார். அம்மா கிழங்கான் குழம்பு வைத்தாள். நாலு வருஷம் கழித்துக் கணினியில் அந்தக் கட்டுரை கண்ணில் பட்டது. முதல் பத்தி மட்டும் தெரியுது. மீதி படிக்க முப்பத்தொன்பது டாலர்! மூவாயிரம் ரூபாய்க்கு மேலே. எங்க அப்பா பேசினதை எங்களுக்கே விற்கிறாங்க. குழம்புக்கு நாங்க பில்லு போடலையே ஐயா! (சிரிப்பு, கைதட்டல்)

அப்புறம் ஒரு வழி தெரிந்தது. கட்டுரை எழுதினவருடைய மின்னஞ்சல் முகவரி கீழேயே இருக்கும். அவருக்கு நாலு வரி எழுதினால் பெரும்பாலும் பிரதியை அனுப்பிடுவார். டீச்சர்மார் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தால் குறித்துக்கொள்ளுங்க, இது தப்பு இல்லை. எனக்கு மூணாம் நாள் வந்தது. கூடவே "உங்கள் தகப்பனாருக்கு என் வணக்கம்" என்று ஒரு வரி.

ராத்திரி அப்பாவை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்தேன். அவருக்கு அப்போ கண் சரியாகத் தெரியாது. கட்டுரையில் அவர் பேர் இல்லை, "ஒரு மூத்த மீனவர்"னு இருந்தது. "நான்தான் அது"ன்னு அம்மாவிடம் சொல்லிக்கிட்டார். முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் இறால் ஏரியை விட்டுப் போய்விடும் என்று அந்த மூத்த மீனவர் சொன்னதாக ஒரு இடத்தில் எழுதியிருந்தார்கள். அப்பா கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"நான் அப்படிச் சொல்லலை பாப்பா. வாய் அடைச்சுட்டா போறதுக்கு ஏது வழி? குஞ்சு கடல்ல பொறந்து உள்ள வருது. அடைச்சா உள்ள வராதுன்னு சொன்னேன். அவரு திருப்பி எழுதிட்டாரு. நீ எழுதிக்கோ."

எழுதிக்கிட்டேன். அவருக்கும் எழுதிப் போட்டேன், திருத்திக்கொள்வதாகப் பதில் வந்தது. அப்பா அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு மழைக்காலம்தான் இருந்தார். அந்த ஒரு மழைக்காலத்தில் நாலு நோட்டு நிரம்பியது. காற்று, தண்ணி ஓட்டம், எந்த மாசம் எந்த மீன் எல்லாம் இருக்கு. ரெண்டு நோட்டைத் தட்டச்சு செய்து, லத்தீன் பெயரும் சேர்த்து, கணினியில் ஏற்றிவிட்டோம். மூணாவதை எங்க பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சு பையன் ஏற்றிக்கிட்டிருக்கான். வயித்தைக் காட்டலையேன்னு கேட்டானே, அவன்தான்! நாலாவது நோட்டு இந்தப் பையில் இருக்கு. மணி ரெண்டாவது தடவையும் அடிச்சுட்டீங்க, கீழே வந்து காட்டுறேன் ஐயா. வணக்கம்.

(நீண்ட கைதட்டல்)