வீட்டிலிருந்து அலுவல்

2020 மார்ச்சு 25-இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, தில்லியில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் நம்மவர் பலர் வீட்டிலிருந்தே பணிபுரிய நேர்ந்தது. கோப்பு வந்தது, தமிழ் வரவில்லை. பழைய எழுத்துருவில் தட்டெழுதிய பக்கம், அவ்வெழுத்துரு இல்லாத வீட்டுக் கணினியில் பொருளற்ற குறிகளாய் நின்றது. காலைக்குள் முடித்தனுப்புக என்ற ஆணை மட்டும் தெளிவாகவே தெரிந்தது!

1991-இல் வெளியான யூனிகோடு தமிழுக்கும் இடம் வகுத்தது. ஆயினும் பழைய எழுத்துருவை விடப் பலருக்கு மனமில்லை. விசைப்பலகையிலோ, மத்திய அரசின் நியமம் இன்ஸ்கிரிப்டு. தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்றது தமிழ்99. சென்னையில் பழகிய விரல் இங்கே தடுமாறாதா?

தாமதத்தைச் சோம்பல் என்று குறித்துக்கொள்ளுமுன், மேலதிகாரி அவ்வூழியரின் திரையை ஒருமுறை பார்க்கட்டும். மடிக்கணினியைக் கொடுக்கும்போதே யூனிகோடு எழுத்துருவையும் அவரவர் பழகிய விசையமைப்பையும் சேர்த்துக் கொடுப்பதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை.