ஓசையும் பொருளும்



இரயில் நிலையத்தில் பணிபுரியும் நாம் ஓயாத இரைச்சலுக்குப் பழகியவர்கள். ஆயினும் ஒலிபெருக்கியில் சொந்த ஊர் வண்டியின் பெயர் கேட்டதும் தலை நிமிர்கிறது. ஏன்?

1964-இல் பிரிஸ்டல் நகரத்துக் கிரே வால்டர் என்னும் அறிஞர் ஒரு சோதனையை வெளியிட்டார். தலையில் மின்வாய்களைப் பொருத்தி, 'டிக்' என்றொரு ஒலியைக் கேட்பித்தார். ஒலி தனித்து வந்தபோது மூளை அதனை விரைவில் புறக்கணித்தது. ஒலியை அடுத்து ஒளி மினுக்கும், உடனே பொத்தானை அழுத்துக என்று பணித்தபின்னரோ, ஒளி வருமுன்னரே முன்மூளையில் எதிர்மின் அலையொன்று எழுந்தது. ஒளியை நிறுத்தவே அலையும் படிப்படியே மறைந்தது. ஓசை அதே ஓசைதான், பொருளே மாறிற்று!

மூளையின் மின்னலைகள் பின்னர் நம் நாட்டில் குற்ற விசாரணைக்கும் வந்தன. நம் நிம்ஹான்சில் பேராசிரியராயிருந்த முகுந்தன் வகுத்த முறையில், சோதிக்கப்படுபவர் வாய் திறப்பதில்லை. குற்றம்பற்றிய வாசகங்களைக் கேட்டிருப்பார். அலைகளே சான்றுரைக்கும் என்பர். செய்தித்தாளில் அக்குற்றத்தைப் படித்தவர்க்கும் அலை எழாதோ?

செல்வி எதிர் கருநாடக அரசு என்னும் வழக்கில், 2010 மே 5 அன்று, உடன்பாடின்றி எவரையும் மூளைச் சோதனைக்கு உட்படுத்தலாகாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடன்பட்டார்க்குச் செய்த சோதனையின் முடிவும் தனியே சான்றாகாதென்றது.