காப்பகத்து நாய்க்கு ஒரு வீடு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்னிசையும் நாடகமும் நிகழவிருக்கும் மேடையில் நாய்களைப் பற்றிப் பேச ஒருவனை அழைத்த நம் செயலாளரின் துணிவை முதற்கண் பாராட்டுகிறேன். இத்தில்லி மாநகரில் உள்ள நாய்க் காப்பகம் ஒன்றிற்குச் சில ஆண்டுகளாக ஞாயிறுதோறும் சென்று வருபவன் என்பதன்றி, இதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை. நான் மருத்துவனும் அல்லேன். சட்டம் பயின்றவனும் அல்லேன்.

காப்பகத்தில் சேர்ந்துவிட்டால் நாயின் துன்பம் தீர்ந்தது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அஃது அத்துணை உண்மையன்று. பல நாய்கள் நெருங்கி வாழும் இடத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் நோய்கள் புகுந்துவிடின் குட்டிகள் சில நாள்களிலேயே மடிகின்றன. நோயற்ற நாயும் நாளெல்லாம் குரைப்பொலிக்கிடையே கிடந்து தன் இயல்பு மாறிவிடுகிறது. காப்பகம் ஒரு சத்திரம். அங்கே தங்கலாம், குடியிருக்க இயலாது. நாய் ஒன்று அதனை விட்டு ஒரு வீட்டிற்குச் சென்றால்தான், வெளியே அடிபட்டுக் கிடக்கும் மற்றொன்றுக்கு அங்கே இடம் கிடைக்கும்.

தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் விதி. 2025 ஆகஸ்டு 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்குமாறு ஆணையிட்டதும், 22ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அதனைத் திருத்தியதும் உங்கள் நினைவில் இருக்கும். அந்தத் திருத்தத்தில் பலர் கவனியாத பகுதி ஒன்று உண்டு. விரும்புவோர் மாநகராட்சிக்கு விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுத்துக் கொள்ளலாம். ஆயின் அந்த நாய் மீண்டும் தெருவுக்கு வாராமற் காப்பது எடுத்தவரின் பொறுப்பு. எங்கள் பணியின் கடினமெல்லாம் இந்தப் பின்பகுதியில்தான் இருக்கிறது. நாயைக் கொடுப்பது எளிது. அது திரும்பி வாராதபடி கொடுப்பதே அரிது.

முதல் வேலை நாயை அறிதல். காலையில் அதனை வெளியே நடத்திச் செல்லும்போது, துடைப்பத்தைக் கண்டு ஒடுங்குகிறதா, குழந்தைகளிடம் எப்படிப் பழகுகிறது, உண்ணும்போது யாரேனும் அணுகினால் உறுமுகிறதா என்றெல்லாம் பார்த்துக் குறித்துக் கொள்கிறோம். பின்னர்ப் புகைப்படம். கம்பிக்குள் இருக்கும் நாயைப் படமெடுத்தால், பார்ப்பவர் கம்பியைத்தான் காண்பர். கறுப்பு நாயின் பாடு இன்னும் கடினம். வெளிறிய சுவரின் முன், நல்ல வெளிச்சத்தில், அதன் கண் உயரத்திற்கு நாமும் மண்ணில் அமர்ந்து எடுத்தாலன்றி அதன் முகம் படத்தில் விழாது. என் வேட்டிகள் பல பாழானது இவ்வாறுதான் என்று என் மனைவி கூறுவாள்.

வருவோர் பெரும்பாலும் லாப்ரடார் உண்டா, பொமரேனியன் உண்டா என்றே வினவுகின்றனர். அவையும் அங்கே உண்டு. விலைக்கு வாங்கி, தோல்நோய் கண்டவுடன் இரவோடிரவாக வாயிலிற் கட்டிவிட்டுப் போனவை. நாட்டு நாயைக் கேட்பார் அரியர். ஆங்கில நூல்கள் அதற்குப் 'பரையா' நாய் என்று பெயரிட்டன. பறை முழக்கிய நம் தமிழ் மக்களின் பெயரை எடுத்து, 'ஒதுக்கப்பட்டவர்' என்னும் இழிபொருளேற்றி, அதனையே நாய்க்கும் சூட்டினர். இன்று தொண்டர்கள் அப்பெயரை விடுத்து 'இண்டி' என்கின்றனர். எனக்கு நாட்டு நாய் என்பதே போதும். தில்லியின் மே மாதத்து வெயிலை, வெளிநாட்டு அடர்மயிர் இனங்களைவிட அது நன்றாகவே தாங்கும்.

இனி, நான் செய்த பிழை ஒன்றைக் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அரசுப் பணியிலிருந்த அன்பர் ஒருவர் குட்டியொன்று கேட்டு வந்தார். அவர் தமிழர், அதிலும் எங்கள் ஊர்ப்பக்கத்தவர் என்பதே எனக்குப் போதுமாயிற்று. படிவத்தின் இரண்டாம் பக்கத்தை நிரப்புமாறு கூட நான் கேட்கவில்லை. வெள்ளை உடலில் செந்நிறத் திட்டுள்ள 3 மாதக் குட்டியை அன்றே கொடுத்தனுப்பினேன். இரண்டாண்டு கழித்து அவருக்கு மாற்றல் ஆணை வந்தது. புதிய ஊரில் அமைந்த வீட்டின் உரிமையாளர் நாய்க்கு இசையவில்லை. அன்பரே ஒரு திங்கட்கிழமை அதனை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுச் சென்றார். அவர் கண் கலங்கியது மெய். அவரைக் குறைகூற நான் வரவில்லை. கேட்கவேண்டியதைக் கேளாதவன் நான். அந்நாய் 5 நாள் உணவைத் தொடவில்லை. வெளியே ஆட்டோ ஒலி கேட்கும்போதெல்லாம் எழுந்து வாயிலருகே சென்று நிற்கும். அதற்கு வேறொரு வீடு அமைய 11 மாதம் ஆயிற்று.

அது முதல், முகம் பாராமல் யாரிடமும் இரண்டாம் பக்கத்து வினாக்களைக் கேட்கிறேன். வீட்டு உரிமையாளர் இசைந்தாரா? குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடுத்தல் ஆகாதென்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டியிருப்பது உண்மையே. 1962இல் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய வாரியம் அது. ஆயினும் வாடகை வீட்டில் உரிமையாளரின் மனமும் வேண்டும். வீட்டார் அனைவரும் விரும்புகின்றனரா? மாற்றல் வந்தால் என் செய்வீர்கள்? கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நாய் எங்கே இருக்கும்?

கடைசி வினாவில்தான் நம்மவர் திகைக்கின்றனர். இரயிலில் முதல் வகுப்புக் குளிர்பதனப் பெட்டியில் தனியறை முழுவதும் கிடைத்தால் நாயை உடன் கொண்டு செல்லலாம். இல்லையேல் கார்டு பெட்டியிலுள்ள கூண்டுதான். சென்னை வரை ஏறக்குறைய ஒன்றரை நாள், அதுவும் மே மாதத்தில்! ஆதலால் இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். விடுமுறையில் ஒருவர் நாயை மற்றவர் வைத்துக் காக்க இசையும் குடும்பங்களின் பட்டியல் ஒன்றை நம் அலுவலகத்தில் வைக்கலாகாதா? இவ்வசதி இருந்தால், இன்று நான் மறுத்தனுப்பும் பலருக்கு நாளை நாயைக் கொடுக்க இயலும்.

நாய் வீடு புகுந்த பின்னும் எங்கள் வேலை முடிவதில்லை. முதல் வாரத்தில் அது கட்டிலடியிற் பதுங்கும், உண்ணாது, தரையை நனைக்கும். மூன்றாம் நாளே தொலைபேசியில் அழைத்து, 'திரும்ப எடுத்துக் கொள்ளுங்கள்' என்பார்கள். பொறுங்கள், சில வாரமாவது ஆகட்டும் என்று நாங்கள் சொல்லுவோம். பசும்பால் கொடுத்து வயிறு கெட்ட குட்டிகள் பல. மோர் ஊற்றிய சோறு போதும் என்றெண்ணி இறைச்சியோ முட்டையோ தராது மெலியவிட்ட வீடுகளும் சில. தீபாவளியிரவு கதவைத் திறந்து வைத்தால், வெடியொலிக்கு மிரண்டு ஓடிய நாய் வழியறியாது தொலைந்துபோம். வெறிநோய்த் தடுப்பூசியையும் மாநகராட்சிப் பதிவையும் நாமே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

திரும்பி வந்த அந்தச் செந்திட்டு நாய் இப்போது ஓய்வு பெற்ற முதிய தம்பதியர் வீட்டில் இருக்கிறது. குட்டிதான் வேண்டுமென்று வந்தவர்கள் அவர்கள். குட்டிக்கு ஓடியாட ஆள் வேண்டும், உங்களுக்கு வளர்ந்த நாயே பொருந்தும் என்று சொல்லி இதனைக் காட்டினோம். காலையில் அம்மூவரும் ஒரே நடையில் நடக்கின்றனர். அவ்வீட்டிற்கு நான் போவதாயின் ஆட்டோவைத் தெருக்கோடியிலேயே நிறுத்தி, நடந்து செல்கிறேன்.

ஞாயிறு காலை 7 மணிக்குக் காப்பகம் திறக்கும். நாயை வளர்க்க இயலாதவரும் வரலாம். நடத்திச் செல்லவும் படமெடுக்கவும் ஆள் போதவில்லை. குளிர்காலம் வருவதால் பழைய கோணிப்பைகள் இருப்பின் கொண்டு வாருங்கள். பட்டியலில் பெயர் தர விரும்புவோர் விழா முடிந்ததும் வாயிலருகே என்னைக் காணலாம்.