அரசுக்கு விளைபொருள் வழங்க ஒப்பந்தப்புள்ளி கொடுப்பது எப்படி?

(உழவர் உற்பத்தியாளர் குழுவினருக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



விளைச்சலைப் பெருக்குவது பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று விற்பனை பற்றி, அதிலும் ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். அந்த வாடிக்கையாளர் அரசாங்கம்.

அரசு மருத்துவமனைகளிலும், மாணவர் விடுதிகளிலும், சிறைச்சாலைகளிலும் நாள் தவறாமல் அடுப்பு எரிகிறது. அங்கெல்லாம் அரிசி, கேழ்வரகு, பருப்பு, எண்ணெய், தேங்காய், காய்கறி ஆகியவை தேவைப்படுகின்றன. இவை அனைத்தும் நம் வயல்களில் விளைபவையே. ஆயினும் பல இடங்களில் அவற்றை வழங்குபவர் வெளியூர் வியாபாரியாக இருக்கிறார். ஒப்பந்தப்புள்ளி, அதாவது டெண்டர், என்ற சொல்லைக் கேட்டதுமே அது நமக்கு உரியதல்ல என்று நாம் ஒதுங்கி விடுவதும் இதற்கு ஒரு காரணமாகும்.

ஒதுங்குவது எந்த அளவு தவறோ, கணக்கில்லாமல் இறங்குவதும் அதே அளவு தவறு. ஒப்பந்தப்புள்ளியில் வெற்றி பெறுவது வேறு; வெற்றி பெற்று நட்டமின்றி நிலைத்து நிற்பது வேறு. இந்த வேறுபாட்டை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

கொள்முதல் வேறு, ஒப்பந்தப்புள்ளி வேறு

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள். அங்கு விலையை அரசு முன்கூட்டியே அறிவித்து விடுகிறது. தரம் சரியாக இருந்தால் நெல்லைக் கொடுத்துப் பணம் பெறுகிறோம். ஒப்பந்தப்புள்ளியில் விலையைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். எவ்வளவு பொருளை, எந்தத் தரத்தில், எந்தத் தேதிக்குள், எந்த இடத்தில், என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். அது ஏற்கப்பட்டு ஒப்பந்தம் ஆகிவிட்டால், பின்னர் சந்தையில் விலை ஏறினாலும் எழுதிய விலைக்கே கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தவறினால் கட்டிய வைப்புத் தொகை பறிபோகும். கருப்புப் பட்டியலிலும் பெயர் சேரலாம்.

சட்டம் தரும் பாதுகாப்பு

நம் மாநிலத்தில் இதற்கென்று தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 உள்ளது. அதன் விதிகள் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. அரசுத் துறைகளுக்கும், உள்ளாட்சி அமைப்புகளுக்கும், அரசு நிறுவனங்களுக்கும் இச்சட்டம் பொருந்தும். விவசாயிகள் தெரிந்து கொள்ள வேண்டிய செய்திகள் மூன்று.

முதலாவது, அறிவிப்பு வெளிப்படையாக வர வேண்டும். மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் இதற்கென அறிவிப்பு இதழ்கள் உண்டு; அரசின் மின்னணு ஒப்பந்தப்புள்ளி இணையதளத்திலும் பார்க்கலாம். இரண்டாவது, 2 கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிகளுக்குப் பொதுவாகக் குறைந்தது 15 நாட்கள் அவகாசம் தர வேண்டும். மூன்றாவது, முடிவினால் பாதிக்கப்பட்டதாகக் கருதுபவர், ஆணை கிடைத்த 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

சிறு தொகைக் கொள்முதல்களுக்கு ஒப்பந்தப்புள்ளி இன்றி, சிலரிடம் விலைப்புள்ளி பெற்று வாங்கும் வழக்கமும் உண்டு. புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு இதுவே ஏற்ற முதல் படியாகும். மைய அரசின் அலுவலகங்கள் 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசு மின் சந்தை வழியாகவும் பொருள் வாங்குகின்றன.

அறிவிப்புக்கு முன்பே செய்ய வேண்டியவை

பதினைந்து நாள் என்பது மிகக் குறுகிய காலம். விதை வாங்காமல் மழையை எதிர்பார்ப்பவன் மழை வந்ததும் தடுமாறுவான். அதுபோல, அறிவிப்பு வந்த பிறகு சான்றிதழ் தேடி அலைபவர் கடைசித் தேதியைத் தவற விடுவார்.

இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் தனியாக இதில் ஈடுபடுவது கடினம். எனவே குழுவாகச் சேருவது அவசியம். பத்து உற்பத்தியாளர்கள் இருந்தாலே உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றைச் சட்டப்படி பதிவு செய்யலாம். ஏற்கனவே பதிவு பெற்ற நிறுவனங்கள் கீழ்க்கண்டவற்றைத் தயாராக வைத்திருத்தல் வேண்டும்.

1. நிறுவனப் பதிவுச் சான்று, பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம், தேவையானால் ஜி.எஸ்.டி. பதிவு.
2. மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்குகள்.
3. உணவுப் பொருளாயின், வியாபார அளவுக்கு ஏற்ப உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம்.
4. டிஜிட்டல் கையொப்பச் சான்று. மின்னணு முறையில் ஒப்பந்தப்புள்ளி கொடுக்க இது தேவை. இதனையும் இதன் கடவுச் சொல்லையும் தரகரிடம் ஒப்படைப்பது, எழுதாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குச் சமம்.
5. இயக்குநர் குழுவின் தீர்மானம். யார் கையெழுத்திடுவது, எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும்.

ஆவணத்தைப் படிக்கும் முறை

ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தைப் பார்த்ததும் பலர் விலைப் பக்கத்தைத் திருப்புகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தகுதிப் பக்கம். ஆண்டு வரவு செலவு இவ்வளவு இருக்க வேண்டும், இதற்கு முன் இவ்வளவு வழங்கியிருக்க வேண்டும் என்று அங்கே குறித்திருக்கும். அந்தத் தகுதி இல்லையென்றால், எவ்வளவு குறைந்த விலை எழுதினாலும் பயனில்லை.

அடுத்துத் தரப் பக்கம். ஈரப்பதம், தூசி, கல், பிற தானியக் கலப்பு, உடைந்த மணி ஆகியவற்றின் உச்ச வரம்பைக் கவனமாகக் குறித்துக் கொள்ளுங்கள். மூன்றாவது, வழங்கும் இடமும் தவணையும். ஒரே கிடங்கில் மொத்தமாக இறக்குவதும், இருபது விடுதிகளுக்கு வாரந்தோறும் கொண்டு சேர்ப்பதும் ஒன்றாகா. நான்காவது, அளவு மாற்றம். குறித்த அளவைக் கூட்டவும் குறைக்கவும் சில ஆவணங்கள் அதிகாரிக்கு இடம் தருகின்றன. ஐந்தாவது, பணம் தரும் காலமும் தாமதத்திற்கான அபராதமும்.

புரியாத நிபந்தனை இருந்தால் எழுத்து மூலமாகவே விளக்கம் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைத்த விளக்கம் பின்னால் உதவாது.

விலையைக் கணக்கிடுதல்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். ஒப்பந்தப்புள்ளியில் கணக்குப் பார்க்காதவனுக்குத்தான் உழக்கும் மிஞ்சாது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக வைத்துக் கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்தை அவற்றின் இடத்தில் எழுதிக் கொள்ளுங்கள்.

ஒரு விடுதித் துறைக்கு 10,000 கிலோ கேழ்வரகு வழங்க வேண்டும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று நிபந்தனை. உறுப்பினர்களிடம் உள்ள கேழ்வரகில் ஈரப்பதம் 16 சதவீதம். சுத்தம் செய்யும்போது 3 சதவீதம் கழிவு போகும்.

பத்தாயிரம் கிலோ வழங்கப் பத்தாயிரம் கிலோ வாங்கினால் போதுமா? போதாது. கழிவு போக 10,000 கிலோ நிற்க வேண்டுமானால், காய்ந்த தானியம் 10,309 கிலோ வேண்டும். 16 சதவீத ஈரத்திலிருந்து 12 சதவீதத்துக்குக் காயும்போது 88 கிலோ கிடைக்க வேண்டிய இடத்தில் 84 கிலோதான் கிடைக்கும் என்ற விகிதத்தில் எடை குறைகிறது. ஆகவே உறுப்பினர்களிடம் வாங்க வேண்டியது ஏறக்குறைய 10,800 கிலோ. களத்தில் ஆவியாகப் போகும் இந்த எடைக்கும் நாம்தான் விலை கொடுக்கிறோம்.

இனிச் செலவுக் கணக்கு:

தானிய விலை, 10,800 கிலோ, கிலோ 50 ரூபாய் வீதம்: 5,40,000
காயவைத்துச் சுத்தம் செய்ய, கிலோவுக்கு 2 ரூபாய் வீதம்: 21,600
சாக்கு 200, ஒன்று 30 ரூபாய் வீதம்: 6,000
ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி: 4,000
லாரி வாடகை: 15,000
தரப் பரிசோதனை, அலுவலகச் செலவு: 3,400
ஆகக் கூடுதல்: 5,90,000 ரூபாய்

இத்துடன் கணக்கு முடியவில்லை. பணம் வர மூன்று மாதம் ஆகலாம். உறுப்பினர்களுக்கோ உடனே பணம் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால், மூன்று மாத வட்டி 17,700 ரூபாய். மொத்தம் 6,07,700 ரூபாய். அதாவது ஒரு கிலோவின் அடக்க விலை 60 ரூபாய் 77 காசு.

வாங்கிய விலை 50 ரூபாய், நமக்கு 5 ரூபாய் கிடைத்தால் போதும் என்று 55 ரூபாய் எழுதிய குழுவை நினைத்துப் பாருங்கள். அக்குழு ஒப்பந்தத்தைப் பெற்றுவிடும்; மாலையும் போடுவார்கள். ஆனால் 57,700 ரூபாய் நட்டத்தை உறுப்பினர்கள் தங்கள் பங்குத் தொகையிலிருந்து கொடுக்க நேரிடும். எனவே அடக்க விலையின் மேல், திருப்பி அனுப்பப்படும் மூட்டைகளுக்காக ஒரு சிறு தொகையும், நியாயமான இலாபமும் சேர்த்தே விலை எழுத வேண்டும். அந்த விலைக்கு ஒப்பந்தம் கிடைக்கவில்லையென்றால் அது தோல்வியல்ல. ஒரு நட்டத்திலிருந்து தப்பித்தீர்கள் என்று கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆண்டு முழுவதும் ஒரே விலைக்கு வழங்கும் ஒப்பந்தத்துக்கு, சேமித்து வைக்கக் கூடிய கேழ்வரகு, பயறு, நிலக்கடலை போன்றவை ஏற்றவை. தக்காளி, வெங்காயம் போன்றவற்றின் விலை மாதத்துக்கு மாதம் மாறக் கூடியது. புதிய குழுக்கள் அவற்றை ஆண்டு ஒப்பந்தத்தில் எடுக்காமலிருப்பதே நலம்.

உறைகளைக் கொடுத்தல்

பல ஒப்பந்தப்புள்ளிகள் இரண்டு உறை முறையில் கோரப்படுகின்றன. முதல் உறையில் தகுதிச் சான்றுகள், இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே பிரிக்கப்படும். விலையைத் தவறியும் முதல் உறையில் எழுதி விடாதீர்கள். எண்ணிலும் எழுத்திலும் விலை ஒன்றாக இருக்க வேண்டும். முன்வைப்புத் தொகையை ஆவணம் சொல்லும் முறையிலேயே கட்ட வேண்டும். விலக்கு உண்டு என்று யாரோ சொன்னதை நம்பாமல், ஆவணத்தில் அந்த விலக்கு எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இணையம் வழியாகக் கொடுப்பவர்கள் கடைசி மணி நேரம் வரை காத்திராமல் இரண்டு நாள் முன்னதாகவே பதிவேற்றுங்கள். ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாளில் நேரில் செல்லும் வாய்ப்பிருந்தால் சென்று அமருங்கள். பிறர் எழுதிய விலை அடுத்த ஆண்டுக்கு நல்ல பாடமாக அமையும்.

உங்கள் நிறுவனத்தின் பெயரில் நான் ஒப்பந்தம் எடுக்கிறேன், கிலோவுக்கு இவ்வளவு தருகிறேன் என்று சில வியாபாரிகள் வருவதுண்டு. பெயரை ஒருபோதும் வாடகைக்கு விடாதீர்கள். மட்டமான சரக்கு போனால் கருப்புப் பட்டியலில் ஏறுவது வியாபாரியின் பெயரல்ல, உங்கள் பெயர்.

பொருள் வழங்கும்போது

ஒப்பந்தத்தைப் பெறுவது காகிதத்தில், காப்பாற்றுவது களத்தில். எந்த உறுப்பினரின் மூட்டை எது என்று தெரியும்படி ஒவ்வொரு மூட்டைக்கும் எண் இடுங்கள். லாரியில் ஏற்றும் முன் குத்தூசி கொண்டு மூட்டைதோறும் மாதிரி எடுத்து ஈரம் பாருங்கள். ஈரம் பார்க்கும் கருவி இல்லாத இடத்தில், நன்கு காய்ந்த உப்பையும் தானியத்தையும் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குலுக்கிச் சிறிது நேரம் வைக்கலாம். உப்பு புட்டியின் உட்புறத்தில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் உள்ளது என்று அறியலாம். ஒட்டவில்லை என்பதற்காக 12 சதவீதம் ஆகிவிட்டது எனக் கொள்ளக் கூடாது. அதற்குக் கருவியே வேண்டும்.

அனுப்பும் சரக்கின் மாதிரியை இரு தரப்பும் முத்திரையிட்டு வைத்துக் கொள்வது பின்னர் எழும் வழக்குகளைத் தவிர்க்கும். சரக்கைப் பெற்றதற்கான ஒப்புகையில் தேதி, எடை, கையொப்பம் ஆகிய மூன்றும் இல்லாமல் லாரியைத் திருப்பாதீர்கள்.

பணம் பெறுதல்

மாவரைத்தல், பருப்பு உடைத்தல், எண்ணெய் பிழிதல் போன்ற தொழில் செய்யும் குழுக்கள் உத்யம் பதிவு பெறலாம். பயிரிடுதல் மட்டும் செய்பவர்களுக்கு இப்பதிவு கிடையாது. குறு, சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றவர் தாம் தயாரித்த பொருளை வழங்கினால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் அதைவிட நீண்ட காலத்தை எழுதினாலும் செல்லாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். இதற்கென உள்ள வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம். பில்லும் ஒப்புகையும் சரியாக இருப்பவருக்கே இந்த உரிமை பயன்படும்.

முடிவுரை

பெருமக்களே, முதல் ஆண்டிலேயே பெரிய ஒப்பந்தத்தை நாட வேண்டாம். ஒரு விடுதிக்கோ ஒரு மருத்துவமனைக்கோ ஒரு பொருளை மட்டும் விலைப்புள்ளி முறையில் வழங்கத் தொடங்குங்கள். அதைக் குறை சொல்ல இடமின்றி முடித்து, திருப்தியாக வழங்கினார் என்ற சான்று பெறுங்கள். அடுத்த ஆண்டின் தகுதிப் பக்கத்தில் அந்தச் சான்றே உங்களுக்காகப் பேசும். விலை எழுதும்போது, பிறர் என்ன எழுதுவார்களோ என்று பார்க்காமல், உங்கள் அடக்க விலை என்ன என்பதையே பார்த்து எழுதுங்கள். நம் பிள்ளைகள் உண்ணும் விடுதிச் சோற்றில் நம் வயலின் தானியம் இருப்பது நமக்குப் பெருமை. அது நட்டத்தில் விளைந்த பெருமையாக இருக்கக் கூடாது.