வடபழனியில் ஒரு பாட்டுக்கூடம்



ஆற்காடு சாலையில் செல்வோர் எவரும் ஏவி.எம். படநிலையத்தின் உலக உருண்டையைக் காணாது போவதில்லை. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கு ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வருவோர் பெரும்பாலும் பழைய மகிழுந்துகளின் முன்னே நிற்கின்றனர், நிற்கட்டும். பாட்டன்பர் நாடி வருவது 'அன்னக்கிளி'யின் (1976) பாடல்கள் பதிவான வளாகத்தையே.

அக்காலப் பதிவில் பாடகரும் இசைக்குழுவினரும் ஒரே கூடத்தில் ஒருங்கே இசைப்பர். ஒரு வயலின் பிசகினால் அனைவரும் முதலடிக்கே திரும்ப வேண்டும். பாட்டின் ஒவ்வொரு சொல்லும் அத்தனை முறை வாய்விட்டுச் சொல்லப்பட்டே செவிக்கு வந்தது. பல தடங்களில் தனித்தனியே பதியும் முறை வந்தபின், ஒரே பாட்டில் இசைந்தோர் ஒருவரையொருவர் காணாமலே பிரிகின்றனர்.

இந்நிலையத்தை நிறுவிய ஏ.வி.மெய்யப்பன் இசைத்தட்டு வாணிகத்திலிருந்து திரைக்கு வந்தவர். ஒருவர் நடிக்க மற்றொருவர் பின்னின்று பாடும் முறையை 1938இல் 'நந்தகுமார்' படத்தில் கையாண்டார். கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை அவர் கையில் இருந்தது. காரைக்குடியில் எடுத்த 'நாம் இருவர்' (1947) படத்தில் டி.கே.பட்டம்மாள் அப்பாடல்களைப் பாடினார். 1948இல் நிலையம் வடபழனிக்கு வந்தது. மறு ஆண்டே, அரசு பாரதி படைப்புகளைப் பொதுவாக்க முனைந்தபோது, விலை ஏதும் பெறாமல் அவ்வுரிமையை மெய்யப்பன் ஒப்படைத்தார். பாரதியைப் பாட இன்று எவரும் எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை.