ஐந்தொகையும் அம்மாயியின் சேவைக்காலப் பணமும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சர்வகலாசாலை விடுமுறையிலே கொழும்பில் ஒரு வங்கியில் ஆறு வாரம் பயிற்சி பெற்று வந்தேன். அதைப்பற்றிப் பேசும்படி காரியதரிசி அவர்கள் பணித்தார். வங்கியென்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன நகை அடகும் சேமிப்புப் புத்தகமுந்தான். நான் இருந்ததோ கம்பனிகளுக்குக் கடன் கொடுக்கும் பகுதி. அங்கே பணத்தைக் கண்ணாற் காணமுடியாது, எல்லாம் காகிதம். முதல் வாரம் முழுவதும் போட்டோப் பிரதி எடுத்தேன் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வாரத்தில் தேயிலைக் கம்பனிகளின் கோப்புகளை அடுக்கத் தந்தார்கள். தோட்டத்திற் பிறந்த எனக்கு அங்கேதான் தோட்டம் நடக்கும் விதம் விளங்கிற்று. இன்று எடுக்கும் கொழுந்து நாளை தூளாகிவிடும். ஆனால் அந்தத் தூள் தரகர் பட்டியலில் ஏறி, 1883ஆம் ஆண்டு தொடக்கம் நடந்துவரும் கொழும்பு ஏலத்தில் விலைபோய்க் காசாகச் சில வாரங்கள் செல்லும். பத்தாந் தேதிச் சம்பளமோ காத்திராது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் வங்கி மேலதிகப்பற்றுக் கொடுக்கிறது. ஏலப் பணம் வந்ததும் கழித்துக்கொள்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, இந்தச் சில வாரங்களே கம்பனிகளுக்குப் பெரும் பாரமாயின. துரைமார் சொல்லும் கஷ்டமெல்லாம் பொய்யல்ல.

கடனுக்கு ஈடு நிலமாயிருக்கும் என்று எண்ணியிருந்தேன். நிலம் அரசாங்கத்துடையது. 1992இல் அமைக்கப்பட்ட கம்பனிகளுக்கு 2045 வரை குத்தகை மாத்திரமே உண்டு. குத்தகை உரிமை, தொழிற்சாலை, கிடங்கிலுள்ள தூள் ஆகியனவே ஈடு.

ஓர் ஐந்தொகையிலே, பொறுப்புகள் என்ற தலைப்பின்கீழ், ஓய்வுகாலப் பயன்கள் என்று ஒரு பெருந்தொகை கண்டேன். அதிகாரியிடம் கேட்டேன். "வேலையாட்களுக்குக் கொடுக்கவேண்டிய பணிக்கொடை அது. எங்கள் தவணை ஒருநாள் பிந்தினால் நாங்கள் டெலிபோன் எடுப்போம். அவர்களுக்காக யார் டெலிபோன் எடுப்பது?" என்றார். அவர் இரக்கமற்றவரல்லர்; உள்ளதைச் சொன்னார். எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

என் அம்மாயி 34 வருடம் கொழுந்தெடுத்தவர். வேலையை விட்டு ஒன்றரை வருடமாகியும் சேவைக்காலப் பணம் வரவில்லை. வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "எங்காசு எப்ப சாமி வரும்? பெரிய ஐயா பாத்துக் குடுப்பாங்கன்னு இருக்கேன்" என்பார்.

வங்கியிற் கண்டதை வெளியே சொல்லேன் என்று முதல் நாளே கையெழுத்திட்டிருந்தேன். ஆகையால் அம்மாயியின் கம்பனிக் கோப்பு அந்த அலுமாரியில் இருந்ததா, இல்லையா என்றுகூட இங்கே சொல்லமாட்டேன். ஆனால் பங்குச் சந்தையிலுள்ள கம்பனியின் வருடாந்த அறிக்கையை எவரும் வாசிக்கலாம். பயிற்சி முடிந்தபின் அதைத் தேடியெடுத்து, லயத்துக் காம்பராவில் விளக்கடியில் உட்கார்ந்து வாசித்தேன். மிஷன் பாடசாலை ஆங்கிலம் அன்றுதான் வீட்டுக்கு உதவிற்று. அங்கேயும் அதே தலைப்பு. அதே மாதிரி ஒரு தொகை.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், ஐந்து வருடத்திற்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு 14 நாட் சம்பளம் கொடுக்கச் சொல்கிறது. அதையும் 30 நாளுக்குள். அம்மாயிக்கு 476 நாட் சம்பளம். நாளொன்றுக்கு 1000 ரூபா வீதம் பார்த்தால் 476,000 ரூபா. "பெரிய ஐயா பாத்துக் குடுக்கிறதில்ல அம்மாயி, நீங்க அவங்களுக்குக் குடுத்து வச்ச கடன். அவங்களே கணக்குல எழுதி வச்சிருக்காங்க" என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் எதுக்கு ஆபீஸ் வாசல்ல கைகட்டி நின்னேன்?" என்றார்.

மாமாவுக்கு மனமில்லை. "பெட்டிசம் போட்டா நாளைக்குக் கூரைத் தகரம் கேக்க முடியுமா? காம்பரா தோட்டத்துக் காம்பரா" என்றார். பெரியோர்களே, அவருடைய பயத்தை நான் இலேசாக எண்ணவில்லை. நான் படிக்கப் போய்விடுவேன். அங்கே இருக்கப்போகிறவர் அவர். இரண்டு இரவு வாக்குவாதம் நடந்தது. மூன்றாம் நாள் அம்மாயியே சேலை மாற்றிக்கொண்டு, "வா சாமி, பதுளைக்குப் போவோம்" என்று புறப்பட்டுவிட்டார். தொழில் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தோம்.

அடுத்த மாதம் விசாரணையென்று கடிதம் வந்திருக்கிறது. அம்மாயி பிஸ்கட் டின்னில் வைத்திருந்த சம்பளத் துண்டுகளை வருடவாரியாக அடுக்கி நூலாற் கட்டியிருக்கிறார். மூன்று வருடத் துண்டுகளை எலி தின்றுவிட்டது. தோட்டத்துச் செக்றோலைப் பார்க்கவேண்டும் என்று மனுவின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.