புயலும் வீட்டுக் குழாயும்



புயல் என்றதும் நம் உள்ளம் காற்றையும் மழையையும் எண்ணி அஞ்சுகிறது. கூரை பறக்குமே, மரம் சாயுமே என்று கலங்குகிறோம். ஆயின், புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் வீட்டார் முதலில் கேட்கும் கேள்வி வேறு. "குடிக்கத் தண்ணீர் உண்டா?" என்பதே அது. வாயிலில் வெள்ளம் நிற்க, அடுக்களையில் ஒரு குடம் நல்ல நீர் இல்லாமற் போவது புயலின் விந்தையான கொடுமை.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் மாடித் தொட்டியில் நீர் ஏறாது. நிலத்தடியில் நீர் இருந்தும் மக்கள் தவித்தனர். ஜெனரேட்டரை வாடகைக்குக் கொணர்ந்து தொட்டி நிரப்பியவர்கள் பலர். இத்துன்பத்தைப் பெரிதும் குறைக்க, புயலுக்கு முன் அரை நாள் உழைப்புப் போதும். நல்ல நீரைக் காத்தல், கெட்ட நீரைத் தடுத்தல், மழைநீருக்கு வழிவிடுதல் என அவ்வுழைப்பை மூன்றாகப் பகுத்துக் காண்போம்.

முதலாவது, நல்ல நீரைக் காத்தல். வானிலை எச்சரிக்கை வந்தவுடன், மின்சாரம் உள்ளபோதே மாடித் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். இதனால் நீர் கைவசம் இருக்கும். தொட்டியும் நிலைத்து நிற்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, எதிர்நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பையும் 60 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். 500 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி வெறுமையாயின் ஒருவரே அதைத் தூக்கிவிடலாம். புயலுக்கு அது விளையாட்டுப் பந்து. நிரம்பிய தொட்டியோ அரை டன் எடையுடையது. அதன் மூடியையும் கயிற்றால் இறுகக் கட்டுதல் வேண்டும்.

அடுத்து, குடங்களிலும் அண்டாக்களிலும் நீர் பிடித்து மூடி வைக்க வேண்டும். பேரிடர்க் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்பது உலகெங்கும் கொள்ளும் கணக்கு. ஐவர் வாழும் வீட்டுக்கு மூன்று நாளுக்கு 225 லிட்டர் ஆகிறது. பின்னர், மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வை மூடிவிட வேண்டும். பலரும் மறக்கும் செயல் இதுவே. முறிந்து விழும் கிளை சுவரோரக் குழாயை உடைத்துவிட்டால், சேமித்த நீர் முழுவதும் ஓர் இரவிலேயே ஒழுகிப் போகும். அந்த வால்வு எங்கே உள்ளது, எப்பக்கம் திருகினால் மூடும் என்பது வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரிந்திருத்தல் நலம்.

இரண்டாவது, கெட்ட நீரைத் தடுத்தல். தரைக்கடித் தொட்டியின் வாயைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, மணல் மூட்டைகளை அடுக்கலாம். தெருக் குழாயிலிருந்து நீர் வரும் வழியையும் அடைக்க வேண்டும். காரணம் யாது? குழாயில் நீர் அழுத்தத்தோடு ஓடுகையில், விரிசல் வழியே அது வெளியே கசியும். அழுத்தம் அற்றுப்போனால், சூழ்ந்து நிற்கும் சாக்கடை நீர் அதே விரிசல் வழியே உள்ளே புகும். காலராவும் டைபாய்டும் பரவ இஃது ஒரு வழி. புயலுக்கு முன் கழிவுநீர்த் தொட்டியை முற்றிலும் வெறுமையாக்குவது நன்று எனச் சிலர் கருதுவர். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் பயின்ற நீங்கள் அவர்களுக்கு உண்மையை எடுத்துரைக்கலாம். நீர் ஊறிய மண்ணில் வெற்றுத் தொட்டி ஓடம்போல் மிதக்க முயலும்; பிளாஸ்டிக் தொட்டியாயின் மேலெழுந்து குழாய்களை முறித்துவிடவும் கூடும்.

மூன்றாவது, மழைநீருக்கு வழிவிடுதல். மாடியில் உள்ள வடிகுழாயின் வாயைச் சில உதிர்ந்த இலைகளே அடைத்துவிடும். 100 சதுர மீட்டர் பரப்புள்ள மாடியில் 10 சென்டிமீட்டர் உயரம் நீர் தேங்கினால், அதன் எடை 10 டன். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு துடைப்பமும் கால் மணி நேரமும் அச்சுமையைத் தவிர்க்கும்.

புயல் ஓய்ந்தபின் வேண்டுவது பொறுமை. நனைந்த மோட்டாரை, மின்பணியாளர் சோதிக்குமுன் இயக்குதல் உயிருக்கே கேடு. வெள்ளம் புகுந்த தொட்டியை இறைத்துத் தேய்த்துக் கழுவி, நல்ல நீர் நிரப்ப வேண்டும். 1000 லிட்டருக்கு 4 கிராம் அளவில் புதிய பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து அந்நீரைப் பயன்படுத்தலாம். குடிநீரை நன்கு கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுவது மேலும் பாதுகாப்பு.

மாணவர்களே, இந்த வாரமே உங்கள் வீட்டுக் குழாய்கள் செல்லும் வழியை ஒரு தாளில் வரையுங்கள். வால்வுகள் உள்ள இடங்களைச் சிவப்பு மையால் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள். அண்டை வீட்டில் முதியோர் தனித்திருந்தால், அவர்களுக்கும் ஒரு படம் வரைந்து கொடுங்கள். புயல் எச்சரிக்கை வரும் நாளில், அவர்கள் வீட்டு மாடிப்படியில் ஏறி வால்வைத் திருக இளங்கைகள் வேண்டும். அக்கைகள் உங்களுடையவையாக இருக்கட்டும்.